உப்புக் கை

சாவியை என் உள்ளங்கையில் வைத்த வீட்டுக்கார அக்கா, அடுத்த நொடியே அதைத் திரும்ப எடுத்து முந்தானையால் துடைத்தார். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்னத்தா, கை இப்படி வேர்க்குது? உனக்கு உப்புக் கை."

பழங்காநத்தத்தில் அந்த வீட்டின் கீழ்த்தளத்துக்குக் குடிபோவதற்காக நானும் கணவரும் சாவி வாங்கப் போயிருந்தோம். என் இடுப்பில் ஒன்றரை வயது மகள். பதற்றம் வந்தால் எனக்குக் கை வேர்க்கும். கல்லூரிப் பரீட்சைகளில் தாளுக்கு அடியில் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறேன். அது ஊரறிந்த குறை போல வெளியே வந்துவிட்டதில் எனக்கு வெட்கமாக இருந்தது. என் கணவரின் கையையும் அக்கா சோதித்தார். "தம்பிக்குக் காய்ஞ்ச கை. பரவாயில்ல. சாவியை இனிமே தம்பிகிட்டயே குடு" என்றார்.

வீட்டுக்காரம்மா ஒரு மாதிரியான ஆள் போலிருக்கிறது என்று அன்று இரவு பேசிச் சிரித்தோம். வாடகை குறைவு. நல்ல தண்ணீர் வரும். பால் காய்ச்சிக் குடிபோனோம்.

அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மேல்தளத்தில் தனியாக இருந்தார். உசிலம்பட்டிப் பக்கம் தோட்டம் இருந்தது. ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருந்தார். தெருவில் எல்லோரையும் கையை வைத்துத்தான் அவருக்குத் தெரியும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் உப்புக் கை, அவர் போனதும் கேட் தாழ்ப்பாளைத் துடைக்க வேண்டும். தயிர்க்கார அம்மா காய்ஞ்ச கை, அவர் எதை வேண்டுமானாலும் தொடலாம். மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியில் நான் கைவைத்து ஏறினால், பின்னாலேயே துணி வரும். கோபத்தோடு துடைக்க மாட்டார். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, குழந்தையின் வாயைத் துடைப்பதுபோலத் துடைப்பார்.

ஏன் இப்படி என்று குடிபோன மாதமே தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தேன். அக்காவுக்குக் கொடுக்கக் கிண்ணத்தோடு மேலே போனேன். கதவு திறந்திருந்தது. அக்கா சன்னலைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு துப்பாக்கியின் வாயைத் தன் கண்ணில் வைத்திருந்தார்.

கிண்ணம் என் கையை விட்டு நழுவியது. பொங்கல் தரையில் சிதறியது.

"பயந்துட்டியா? வா தாயி, காலித் துப்பாக்கிதான். பின்பக்கம் மடக்கித் திறந்து வச்சிருக்கேன் பாரு. உள்ள துரு இருக்கான்னு பாக்குறேன். வெளிச்சத்துக்கு நேராப் பிடிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

இரட்டைக்குழல் துப்பாக்கி. அக்காவின் வீட்டுக்காரர் காட்டுப்பன்றியிலிருந்து பயிரைக் காப்பதற்காக லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தது. அதன் குழல்கள் கறுப்பாகவும் இல்லை, நீலமாகவும் இல்லை. பிஞ்சுக் கத்திரிக்காயின் தோல்போல ஒரு மினுக்கம். "இது பெயின்ட் இல்லத்தா" என்றார் அக்கா. "இரும்பை வேகவச்சு ஏத்துற நீலம். தோல் மாதிரி. அம்புட்டு மெல்லிசு. வேர்வைக் கையோட ஒருதடவ தொட்டு அப்படியே விட்டாப் போதும். ரெண்டு நாள்ல விரலு எங்க பட்டுச்சோ அங்க செவப்பாப் பூத்துரும்."

குழலில் ஒரு இடத்தைக் காட்டினார். ஐந்து ரூபாய்க் காசு அளவில் வட்டமாக, சொரசொரவென்று ஒரு தழும்பு. ஒரு ஆயுத பூசை அன்று அவருடைய கொழுந்தனார் துப்பாக்கிக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்துவிட்டாராம். பூசை முடிந்து அப்படியே பீரோவில் வைத்திருக்கிறார்கள். சந்தனம் காய்ந்து உதிர்ந்தபோது அடியில் நீலம் இல்லை. அதற்குப் பிறகு அக்கா பூசைக்குப் பீரோக் கதவில்தான் பொட்டு வைப்பார். துப்பாக்கிக்குக் கும்பிடு மட்டும்.

நான் தரையைத் துடைத்துவிட்டுக் கீழே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மகளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கணவர் வந்ததும் சொன்னேன். "லைசென்ஸ் இருக்குல்ல? பீரோ பூட்டித்தான இருக்கு? அவங்க நம்மள என்ன சுடப்போறாங்களா?" என்றார். எல்லாம் சரிதான். இருந்தாலும் வேறு வீடு பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்றார். அந்தப் 'பார்க்கலாம்' இரண்டு வருடம் ஓடியது.

தினமும் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா துப்பாக்கியைத் திறந்து பார்த்து மூடுவார். மூடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் எங்கள் கூரை வழியாக இறங்கும். தூங்கும் மகள் அசையமாட்டாள். நான் மட்டும் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு மேலே பார்ப்பேன். சத்தம் கேட்டுவிட்டால் இன்றைக்கு முடிந்தது என்று ஒரு நிம்மதி. கேட்காத நாளில், ஏன் இன்னும் மூடவில்லை என்ற கவலை.

அக்காவுக்கும் கவலைதான், ஆனால் அது ஈரத்தைப் பற்றிய கவலை. மதுரை வெயிலைப் பற்றி ஊரே குறை சொல்லும்போது அவர் மட்டும் சந்தோஷமாக இருப்பார். ஐப்பசி பிறந்தால் முகம் சுருங்கிவிடும். புதுச்செருப்பு டப்பாவில் வரும், ஈரம் உறிஞ்சும் சின்ன வெள்ளைப் பொட்டலங்களைத் தெருவெல்லாம் கேட்டு வாங்கி, வாணலியில் மிதமாகச் சூடுகாட்டிப் பீரோவுக்குள் போட்டு வைப்பார். அதை என் மகள் வாயில் போட்டுவிட்டால்? பீரோவுக்குள் ஒரு சின்ன பல்பு இரவும் பகலும் எரியும், அந்தச் சூட்டில் ஈரம் அண்டாதாம். அது தீப்பிடித்தால்? எதைக் கேட்டாலும் அக்கா சிரிப்பார். "நீ எல்லாத்துக்கும் பயப்படுற. நான் ஒன்னே ஒன்னுக்குத்தான் பயப்படுறேன்."

ஒருநாள் துணிந்து கேட்டேன். "இதை வித்துட்டா என்னக்கா? நீங்க சுடக்கூட மாட்டீங்கள்ல?"

அக்கா துடைப்பதை நிறுத்தவில்லை. "அவரு போனப்ப கொழுந்தன் வரப்பை ரெண்டு முழம் தள்ளிப் போட்டாரு. யாரும் கேக்கல. நான் லைசென்ஸை எம்பேருக்கு மாத்துனேன். இதைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஒருதடவ தோட்டத்தைச் சுத்தி வந்தேன். ஒரு வார்த்த பேசல. மறுவாரம் வரப்பு பழைய எடத்துக்கே வந்துருச்சு." குழலைச் சன்னலுக்கு நேரே பிடித்தார். "துருப்பிடிச்ச துப்பாக்கியத் தூக்கிட்டுப் போனா சிரிப்பாக தாயி."

தனியாக நிற்கும் ஒரு பெண்ணின் நிலத்தைப் பற்றி, வாடகை வீட்டில் கணவன் குழந்தையோடு இருக்கும் நான் என்ன சொல்வது?

எங்களுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது ஒரு தேர்தல் சமயத்தில்தான். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். மதியம் 'டக்' சத்தம் நின்றுபோனது. தேர்தல் முடிவு வராமலே போனால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அக்காவோ சரியாகச் சாப்பிடவில்லை. ஸ்டேஷனில் துப்பாக்கிகளைப் போட்டிருக்கும் அறையில் சுவர் ஓதம் அடித்திருக்கிறது என்று புலம்பினார். "நீ ஒருதடவ கூட வாத்தா. படிச்ச புள்ள பக்கத்துல நின்னா ஏட்டு கொஞ்சம் மரியாதையாப் பேசுவாரு" என்று என்னையும் அழைத்துப் போனார்.

ஏட்டு எங்களைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "வாங்கக்கா. பச்சப்புள்ளைக்கு எண்ணெ தேய்ச்சு விட வந்துட்டீங்களா?"

"ரெண்டு நிமிசம் தம்பி. தொடச்சுட்டு ஓடிர்றேன்."

"எங்க துப்பாக்கிக்கே இம்புட்டு கவனிப்பு கெடையாதுக்கா."

"உங்களுது சர்க்கார் வீட்டுப் புள்ள. கெட்டுப்போனா வேற குடுப்பாக. எனக்கு யாரு குடுப்பா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். ஏட்டும் சிரித்துக்கொண்டே எழுந்து, "கூட வந்தது யாரு, டாக்டரா?" என்று என்னைக் கேட்டார். எனக்குக் கை வேர்த்துக்கொண்டிருந்தது. அங்கிருந்த எதையும் தொடவில்லை. அக்கா அறைக்குள் போய்த் தையல் மிஷின் எண்ணெயைத் துணியில் நனைத்துத் துடைத்துவிட்டு, வெளியே வரும்போது முகம் தெளிந்திருந்தார். பஸ்ஸில் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். "உனக்குப் பயம்னு தெரியும். இருந்தும் வந்தல்ல" என்றார். அன்று அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அவரைப் பிடிக்காமல் போக ஒரு காரணமும் இல்லை என்பதுதான் என் சங்கடம். என் மகள் அவரைப் பெரியம்மா என்பாள். சாயங்காலம் ஒரு மணி நேரம் நான் ஆன்லைனில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுத்தேன். அந்த நேரம் அவள் மேலேதான் இருப்பாள். அவளுக்குக் காய்ச்சல் வந்த வாரம் கஷாயம் வைத்துக் கொடுத்தது அக்கா. பீரோச் சாவி எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும். "புள்ள இருக்கையில பீரோவைத் திறக்க மாட்டேன்" என்று ஒருமுறை என் மகளின் தலையில் கைவைத்துச் சொன்னார். அதை நான் நம்பினேன். நம்பிவிட்டு, பாடம் எடுக்கும்போது நடுவில் மைக்கை அணைத்து, மேலே மகளின் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன்.

மகளுக்கு மூன்றரை வயதானபோது, அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. கடலைக் காட்டில் பன்றி இறங்குகிறது என்று அக்கா துப்பாக்கியோடு தோட்டத்துக்குப் போயிருந்தார். கொட்டும் மழையில் ஆட்டோவில் வந்து இறங்கினார். துப்பாக்கியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி மார்போடு அணைத்திருந்தார். அவர் தொப்பலாக நனைந்திருந்தார். "உள்ள தண்ணி போயிருச்சுத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஓடினார்.

மறுநாள் மதியத்திலிருந்து கரண்ட் இல்லை. வாசல்வழியாகத் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வர ஆரம்பித்தது. நான் வாரி வாரி ஊற்றிக்கொண்டிருந்தேன். மகளின் கால் நனைகிறது என்று அக்காதான் வந்து அவளைத் தூக்கிப்போனார். நானும் சரியென்று விட்டேன். மழை கொஞ்சம் வெறித்ததும் அவளைக் கூட்டிவந்து தலை துவட்டி, பருப்புசாதம் ஊட்டித் தூங்கவைத்தேன். ஒன்றும் நடக்காத சாதாரண நாள் அது.

அதற்கு இரண்டு நாள் கழித்து வெயில் வந்தது. மாடியிலிருந்து அக்கா கூப்பிட்டார். அந்தக் குரல் வேறு மாதிரி இருந்தது. மகளையும் தூக்கிக்கொண்டு போனேன்.

அக்கா துப்பாக்கியைத் திறந்த நிலையில் கட்டில்மேல் வைத்திருந்தார். "இங்க பாரு" என்றார்.

குழலில் சின்னச் சின்னதாகச் சிவந்த புள்ளிகள். முதலில் எனக்கு அது துருவாக மட்டும்தான் தெரிந்தது. குனிந்து பார்த்தபோது வரிசை தெரிந்தது. நான்கு புள்ளிகள் ஒரு பக்கம், ஒன்று மறுபக்கம். கொஞ்சம் தள்ளி இன்னொரு நான்கு. மஞ்சாடி விதை அளவு விரல்கள். குழலின் வாய்க்கு மிக அருகில், இரண்டு கைகளால் இறுகப் பிடித்த அடையாளம்.

"விசைகிட்ட ஒன்னுமில்ல" என்றார் அக்கா. "எல்லாம் வாய்கிட்டதான் இருக்கு. அங்க ஏன் பிடிக்கணும்?" கேட்டுவிட்டு அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. மகளைக் கீழே இறக்கிவிட்டுக் கேட்டேன். "பாப்பா, இதைத் தொட்டியா?"

திட்டுவேன் என்று பயந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "தொடச்சேன்" என்றாள். தன் கவுனைத் தூக்கிக் காட்டினாள்.

"தொடச்சுட்டு?"

"உள்ள பாத்தேன். பெரியம்மா மாதிரி." ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு செய்து காட்டினாள். "இருட்டா இருந்துச்சும்மா."

நான் அக்காவைப் பார்த்தேன். "காலியாத்தான இருந்துச்சு?" என்று கேட்டேன். இன்னொருமுறை கேட்டேன். "அக்கா, காலியாத்தான இருந்துச்சு?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன்.

"ஒன்னு இருந்துச்சு தாயி."

தோட்டத்தில் பன்றிக்காக இரண்டு தோட்டா போட்டிருக்கிறார். வீட்டுக்காரர் காலத்துப் பழைய அட்டைத் தோட்டா. மழையில் நனைந்து அட்டை ஊறி உப்பிவிட்டது. வீட்டுக்கு வந்து எடுக்கப் பார்த்தபோது ஒன்று வந்தது, மற்றது குழலோடு இறுகிக்கொண்டது. கம்பியை விட்டுக் குத்தினால் வந்திருக்கும். "உள்ள கீறிருமேன்னு பயந்தேன்" என்றார் அக்கா. காய்ந்து சுருங்கினால் தானாக வந்துவிடும் என்று விட்டிருக்கிறார். மறுநாள் கரண்ட் இல்லாததால் பீரோவில் பல்பு எரியவில்லை. பூட்டிய பீரோவில் ஈரத்தோடு இருந்தால் இரவுக்குள் துரு ஏறிவிடும். அதனால், மடங்கிய நிலையில் நிற்காதென்று துப்பாக்கியை மூடி, மேலே எண்ணெய் தடவி, காற்றுப்படக் கட்டிலில் சாய்த்து வைத்திருக்கிறார். மொட்டைமாடியில் தண்ணீர் போகும் ஓட்டையை இலை அடைத்துக்கொண்டது. அதைக் குத்திவிட மேலே போயிருக்கிறார். "இந்தா போனேன், இந்தா வந்தேன்."

அந்த நேரத்தில் என் மகள் பெரியம்மாவைப்போல ஈரக் கவுனால் எண்ணெயைத் துடைத்து எடுத்திருக்கிறாள். பெரியம்மாவைப்போலக் கண்ணை வைத்துப் பார்த்திருக்கிறாள். நான் அசந்த ஏதோ ஒரு மதியத்தில் மேலே போய் அதையெல்லாம் பார்த்து வைத்திருப்பாள் போல. அன்று சாயங்காலம் தோட்டா வந்துவிட்டது. எண்ணெய்தான் ஏற்கெனவே தடவியாயிற்றே என்று அக்கா துப்பாக்கியை அப்படியே உள்ளே வைத்துப் பூட்டி, ஈரக் காற்று போகக் கூடாதென்று வெயில் வரும்வரை திறக்காமல் விட்டுவிட்டார். அதனால்தான் அந்த விரல்கள் அழியாமல் நின்றன. வழக்கம்போல அன்றும் துடைத்திருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது.

"நனைஞ்ச தோட்டா வெடிக்காது" என்றார் அக்கா. பிறகு அவரே, "அநேகமா வெடிக்காது" என்றார்.

நான் கத்தவில்லை. கத்தியிருக்க வேண்டும் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். மகளின் கண்ணைப் பார்த்தேன், முகத்தைத் தடவினேன், தலையை மோந்தேன். இரண்டு நாள் முன்னால் நடந்தது. அவள் என் முன்னால் முழுசாக நின்றுகொண்டிருந்தாள். ஆனாலும் அது அப்போதுதான் நடப்பதுபோல அவளைக் கட்டிலை விட்டுத் தள்ளி இழுத்து என்னோடு அணைத்துக்கொண்டேன். அக்கா அவளைத் தொடக் கை நீட்டினார். பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டார்.

அன்று இரவு நானும் கணவரும் என்ன செய்வது என்று பேசினோம். அவர் இந்த முறை 'பார்க்கலாம்' என்று சொல்லவில்லை. ஆனால் அக்காவிடம் எப்படிச் சொல்வது, தேர்தல் சமயம்போல அதைப் போலீஸ் ஸ்டேஷனிலேயே விட்டுவைக்கச் சொல்லிக் கேட்கலாமா என்று நான்தான் இழுத்தேன். காலையில் அக்காவே இறங்கி வந்தார். வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"வீட்டைக் காலி பண்ணிருங்க தாயி."

மன்னிப்புக் கேட்பார் என்றும், துப்பாக்கியைக் கொடுத்துவிடுகிறேன் என்பார் என்றும் இரவெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அதற்கான பதில்தான் என்னிடம் தயாராக இருந்தது.

"ராத்திரி பூரா யோசிச்சேன். இதைக் குடுத்துட்டா வரப்பு போயிரும். நான் குடுக்க மாட்டேன். புள்ளயப் பாக்கையில குடுத்துரலாம்னு தோணுது, பீரோவைப் பாக்கையில மாட்டேன்னு தோணுது. அப்படிப்பட்டவ வீட்டுல புள்ள இருக்கக் கூடாது." கணவரைப் பார்த்தார். "தம்பி, சுருக்காப் பாருங்க. வேற வீடு கெடைக்கிற வரைக்கும் நான் தோட்டத்துல இருக்கேன். இதையும் கொண்டு போயிர்றேன்."

சொன்னபடியே மதிய பஸ்ஸில் போய்விட்டார். நாங்கள் சாமான்களை ஏற்றிய அன்றும் வரவில்லை. கொட்டாம்பட்டிப் பக்கம் என் கணவருக்கு வேலை மாற்றல் கிடைத்து, அங்கேயே வீடு எடுத்தோம்.

அவர்மேல் கோபப்படுவதா, நன்றி சொல்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. என் பிள்ளையைக் காப்பாற்ற நான் இரண்டு வருடமாகச் செய்யாததை அவர் ஒரே காலையில் செய்தார். என் பிள்ளையைவிட அந்த இரும்பு அவருக்குப் பெரிதாக இருந்தது. இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்தன.

போன மாதம் மகளின் பள்ளிச் சீருடைக்குத் துணி எடுக்க மதுரைக்கு வந்தோம். பஸ் எங்கள் பழைய தெருமுனையில் நெரிசலில் நின்றது. கீழ்வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. சன்னல்கள் சாத்தியிருந்தன, கொடியில் துணி இல்லை. நாங்கள் போன பிறகு அவர் யாரையும் குடிவைக்கவில்லை போலும். அக்கா கேட்டருகே தனியாக நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார்.

"பெரியம்மா!" என்று மகள் கத்தினாள். ஆறு வயதாகப் போகிறது, இருந்தும் மறக்கவில்லை. சன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாள். அக்கா நிமிர்ந்து பஸ்ஸில் ஒவ்வொரு சன்னலாகத் தேடினார்.

நான் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். பஸ்ஸுக்கு வெளியே கையை நீட்டக் கூடாது என்றேன். எந்த அம்மாவும் சொல்வதுதான். பஸ் நகர்ந்து, திரும்பி, வீடு மறைந்துபோனது.

"விடும்மா" என்றாள் மகள். "வலிக்குது."